எந்தக் குத்தாலம்

துல்கர்னைன் மாதிரி ஒழுங்கு பார்க்கிற மனுஷனைத் தென்காசியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். சவூதியில், தம்மாமில் ஒரு பெரிய உதிரிபாகக் கிட்டங்கியில் ஸ்டோர்கீப்பர் வேலை. எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்ன போல்ட் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அப்பேர்ப்பட்ட ஆள் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பதினாறு நாள் ஊர் சுற்றக் கிளம்பினால் ஏற்பாடு எப்படி இருக்கும்? மைசூர், கோவா, பம்பாய், ஜெய்ப்பூர், ஆக்ரா, டெல்லி என்று நாளுக்கு ஒரு பக்கமாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான். படுத்துக்கொண்டே போகிற வசதியுள்ள வேன். ஓட்டுகிறவர் சென்னையிலிருந்து வருகிறார்.

"சவூதி வெயில் காணாதுன்னு ராஜஸ்தான் வெயில்ல போயி நிக்கப் போறோமாக்கும்," என்றாள் அவன் மனைவி ஷமீம் பானு. "அந்த வேன்காரன் கம்பெனிக்கு ஒரு தடவை போன் போட்டுப் பேசிருங்களேன்."

"எல்லாம் மூணு தடவை சரிபார்த்தாச்சு. பேசாம இரு," என்றான்.

டெல்லி ஆக்ராவெல்லாம் சும்மா ஒரு சாக்கு. உள்ள காரணம் ஆறு வயது ஆசிப். அவன் ஆறு மாசக் குழந்தையாக இருந்தபோது விமானம் ஏறியவன் துல்கர்னைன். நடுவில் ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போனான், அது பையனுக்கு ஞாபகமே இல்லை. ஆனால் போனில் பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. தினமும் முக்கால் மணி நேரம், வாப்பா வாப்பா என்று வாய் ஓயாது. டீச்சர் யாரை அடித்தார், எந்தப் பூனை எங்கே குட்டி போட்டது, எல்லாம் தம்மாமுக்கு வந்து சேர்ந்துவிடும். அந்தப் பிள்ளை, வாப்பா நேரில் வந்து வீட்டு வாசலில் இறங்கிய அன்றைக்கு உம்மாவின் புர்காவுக்குப் பின்னால் ஒளிந்ததுதான். பதின்மூன்று நாளாகிவிட்டது. துல்கர்னைன் கிட்டே போனால் அடுத்த அறைக்கு ஓடுகிறான். சாப்பிடக் கூப்பிட வேண்டியிருந்தால்கூட "உம்மா கூப்பிடுதாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறான்.

நாற்பத்தைந்து நாள் லீவில் பதின்மூன்று போயே போய்விட்டது. மறுபடி விமானம் ஏறுவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மகன் தன் முகத்தைப் பார்த்து வாப்பா என்று கூப்பிட்டுவிட வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். வீட்டில் என்றால் ஓடுவதற்கு நாலு அறை இருக்கிறது. வேனுக்குள் எங்கே ஓடுவான்? அந்தக் கணக்கில்தான் பதினாறு நாள்.

மே மாதக் கடைசி. சாரல் இந்த வருஷம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. அவர்கள் தெருவுக்குள் அவ்வளவு பெரிய வண்டி நுழையாது என்பதால் குத்தாலம் பஸ் ஸ்டாண்டில் வந்து ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தான். காலையில் தெருவே வாசலுக்கு வந்து சலாம் சொல்லி அனுப்பியது. ஒரு ஆட்டோவில் நாலு பேரும், இன்னொரு ஆட்டோவில் பெட்டிகளும். ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பஸ் ஸ்டாண்டில் இறங்கியாயிற்று.

ஆறு ஆனது. ஆறரை ஆனது. வேனைக் காணோம். அருவிக்குப் போகிற கூட்டம் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக இவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. துல்கர்னைன் டிரைவருக்குப் போன் போட்டான். பென்னி என்று பெயர், தங்கமான குரல்.

"எங்க இருக்கிய தம்பி?"

"குத்தாலம் பஸ் ஸ்டாண்ட்லதான் சார். அஞ்சரைக்கே வந்துட்டேன்."

"நாங்களும் குத்தாலம் பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கோம்."

"அப்படியா? எனக்கு எதிர்ல ஒரு டீக்கடை இருக்கு சார்."

"எங்களுக்கும் எதிர டீக்கடைதான் இருக்கு."

"வெள்ளை வேன் சார். இங்க வேற வண்டியே கிடையாது, நான் மட்டும்தான் நிக்கிறேன்."

துல்கர்னைன் சுற்றிலும் பார்த்தான். வெள்ளை வேன் மட்டும் பதினேழு நின்றது. ஒவ்வொன்றிலிருந்தும் ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பஸ் ஸ்டாண்டை ஒரு முழுச் சுற்று நடந்தான். டீக்கடைக்காரர் குத்தாலிங்கம் அண்ணாச்சி, யாரைத் தேடுகிறான் என்று கேட்டார். பென்னி என்றான். அப்படி யாரையும் தெரியாது என்றார் அவர்.

"தம்பி, பக்கத்துல கோயில் தெரியுதா?"

"தெரியுது சார். பெரிய சிவன் கோயில்."

"அதான, அது இங்கனதான் இருக்கு. கோயிலத் தாண்டி தண்ணிச் சத்தம் கேக்குதா?"

"தண்ணியா?" பென்னி கொஞ்சம் யோசித்தார். "ஆறு ஒண்ணு இருக்கு சார். ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. பசங்க கிரிக்கெட் ஆடுறாங்க."

துல்கர்னைனுக்குத் தலை சுற்றியது. நேற்றுச் சாயங்காலம்தானே மெயினருவியில் ஆர்ச் வளைவைத் தொட்டுத் தண்ணீர் விழுந்தது? ஒரே ராத்திரியில் வற்றிவிட்டதா? கிரிக்கெட் வேறு ஆடுகிறார்களாமே. முகத்தில் சாரல் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அங்க சாரல் அடிக்குதா?"

"வெயில் சார். இப்பவே மண்டையப் பொளக்குது."

தனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே பயந்துபோனான். போனை மனைவியிடம் நீட்டினான். அவளும் இதே கேள்விகளைக் கேட்டு, இதே பதில்களை வாங்கிக்கொண்டு, அவனைவிடக் குழம்பிப்போய் நின்றாள். பதினோரு வயது மகள் ஜுஹைனாவுக்குத்தான் பொறுமை போனது. உம்மாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"அண்ணா, அந்த டீக்கடை போர்டுல என்ன எழுதியிருக்குன்னு முழுசா படிங்க."

பென்னி படித்தார். கடைப் பெயர், உரிமையாளர் பெயர், குத்தாலம், மயிலாடுதுறை மாவட்டம்.

ஜுஹைனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

தென்காசிக்காரன் எவனாவது குற்றாலம் என்று முழுசாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அது போர்டில் எழுதுகிற பெயர், வெளியூர்க்காரர்கள் சொல்கிற பெயர். நம் வாயில் வருவது குத்தாலம்தான். துல்கர்னைனும் தம்மாமில் உட்கார்ந்துகொண்டு வேன் கம்பெனியின் ஆப்பில் வாயில் வருகிறபடியே அடித்தான். குத்தாலம் பஸ் ஸ்டாண்ட் என்று கம்பெனிக்காரர்களின் பட்டியலில் அச்சாக வந்து நின்றது. தட்டினான். அதன் பிறகு மூன்று தடவை சரிபார்த்தான். மூன்று தடவையும் குத்தாலம் என்றுதான் இருந்தது. காவிரிக்கரையில் அதே பெயரில் இன்னொரு ஊர் இருக்கும் என்று எந்தக் கிட்டங்கிக் கணக்கு அவனுக்குச் சொல்லும்?

"எத்தனை மணி நேரம் ஆவும் இங்கன வர?" என்று பென்னியைக் கேட்டான்.

"எட்டு மணி நேரமாவது ஆகும் சார். கம்பெனில கேட்டுட்டு மறுபடி கூப்பிடுறேன்."

அவன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தான். அச்சடித்த தாளில் முதல் நாள், காலை ஆறு மணி என்று போட்டிருந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஷமீம் பானு திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றாள். அது இன்னும் வலித்தது.

"வீட்டுக்குப் போயிருவோமா?" என்று கேட்டான்.

"தெருவே சலாம் சொல்லி அனுப்பியிருக்கு. டெல்லிக்குப் போறோம்னு சொல்லிட்டு ஒரு மணி நேரத்துல திரும்பிப் போயி நின்னா நல்லாவா இருக்கும்? நான் வரமாட்டேன்."

"அப்ப தென்காசி போயி மதுரை பஸ்ஸப் பிடிப்போம். வேனை மதுரைக்கு வரச் சொல்லுவோம்."

"தென்காசி பஸ் ஸ்டாண்டுல யாராவது பாத்தா?"

"முகத்த மூடிக்க."

"நான் மூடிக்குவேன். நீங்க எதை வச்சு மூடுவிய?"

அப்போது ஷமீம் பானுவின் போன் அடித்தது. வேன் பதிவு செய்தபோது அவள் நம்பரையும் கொடுத்திருந்தான். அது ஆசிப் மடியில் இருந்தது, அவன் பையின் மேல் உட்கார்ந்து கேம் ஆடிக்கொண்டிருந்தான். எடுத்துக் காதில் வைத்தான். பென்னியின் குரல் பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"தம்பி, அப்பாகிட்ட குடுப்பா."

ஆசிப் தலையைத் தூக்கினான். இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த துல்கர்னைனை ஒரு பார்வை பார்த்தான்.

"வாப்பா சவூதியில இருக்காங்க," என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஷமீம் பானு சிரித்தேவிட்டாள். ஜுஹைனா சிரித்தாள். டீ ஆற்றிக்கொண்டிருந்த குத்தாலிங்கம் அண்ணாச்சியும் சிரித்தார். தெரியாத ஆள் போனில் வாப்பாவைக் கேட்டால் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். ஆண்கள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கிற அந்தத் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமான பதில் அது. துல்கர்னைனுக்கும் அது தெரியும். தெரிந்தும் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் எப்போது என்று விசாரித்து வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து நடந்தான்.

நடந்துகொண்டே பென்னியைக் கூப்பிட்டு மதுரைக்கு வந்துவிடச் சொன்னான். தென்காசி பஸ் நிற்கிற இடம் எதிர்ப்பக்கம் இருந்தது. வண்டி கால் மணி நேரத்தில் கிளம்பும் என்றார் கண்டக்டர். திரும்பிப் போய்ச் சொல்ல அவனுக்குக் கால் வரவில்லை. அங்கேயே நின்று மனைவிக்குப் போன் போட்டான். ஆசிப்தான் எடுத்தான்.

"உம்மாட்ட குடு," என்றான் துல்கர்னைன்.

"உம்மா டீ குடிக்காங்க." பிறகு ஒரு மூச்சு. "வாப்பா, வேன் வரலை."

துல்கர்னைன் அசையாமல் நின்றான். பதின்மூன்று நாள் கழித்துக் கேட்கிற வார்த்தை.

"ஆமாலே, வரலை."

"வேன் வேற குத்தாலத்துக்குப் போயிட்டு வாப்பா. அங்க அருவியே கிடையாதாம். ராத்தாதான் கண்டுபிடிச்சா. உம்மாக்கு உங்க மேல கோவம். ஆனா சிரிக்கவும் செய்தாங்க."

"உனக்குக் கோவமா?"

"எனக்கு இல்ல. எனக்குப் பசிக்கி." கொஞ்சம் நிறுத்தினான். "நீங்க எங்க நிக்கிய?"

"இங்கனதான். எட்டிப் பாரு, பஸ் பக்கத்துல. நீலச் சட்டை."

கூட்டத்துக்கு நடுவே ஆசிப் பையின் மேல் ஏறி நின்று பார்த்தான். கண்டுபிடித்துவிட்டான். துல்கர்னைன் கையைத் தூக்கிக் காட்டி ஒரு எட்டு எடுத்து வைத்தான்.

"வராதீங்க. அங்கனயே நின்னு பேசுங்க."

நின்றான். வேறென்ன செய்வான். முப்பது அடி தூரத்தில் பெற்ற பிள்ளை நிற்கிறது, கிட்டே வராதே என்கிறது, அதே வாயால் வாப்பா வாப்பா என்று பேசவும் செய்கிறது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவனுக்கு விளங்கவில்லை. சாரலில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. ஆசிப் பேசிக்கொண்டே போனான். வேனில் ஜன்னல் ஓரம் தனக்குத்தான் வேண்டுமாம். டெல்லியில் குரங்கு உண்டா என்று தெரிய வேண்டுமாம். இங்கே ஒரு குரங்கு இப்போதுதான் ஒரு ஆச்சியின் வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போனதாம். தம்மாமில் தினமும் கேட்ட அதே பேச்சு, அதே வேகம்.

"வாப்பா, வேனுக்குள்ள போன் பேசலாமா?"

"பேசலாமே. யார்ட்ட பேசணும்?"

"உங்கள்ட்டதான். நீங்க முன்னாடி சீட்டுல இருந்து பேசுங்க. நான் பின்னாடி சீட்டுல இருந்து பேசுதேன்."

துல்கர்னைன் கண்ணாடியைக் கழற்றினான். இந்தத் தடவை சாரல் மட்டும் காரணமில்லை.

"சரிலே," என்றான். "பதினாறு நாளும் அப்படியே பேசுவோம். டெல்லி வரைக்கும் பேசுவோம். இப்ப நான் ரெண்டு எட்டு வரட்டுமா?"

அந்தப் பக்கம் யோசனை நடந்தது.

"ரெண்டுதான்."

இரண்டு எட்டு வைத்தான். குரங்கின் மீதிக் கதையைக் கேட்டான். இன்னும் இரண்டுக்கு அனுமதி கேட்டான். கிடைத்தது. அப்புறம் ஒரு நாலு. பெட்டியும் பையுமாக ஓடுகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். போனைக் காதில் வைத்தபடி கல்யாணப் பெண் மாதிரி அடி எண்ணி நடக்கிற மனுஷனைப் பார்த்து இரண்டு கல்லூரிப் பையன்கள் நின்றுவிட்டார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி ஷமீம் பானு இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்த ஜுஹைனாவைத் தொடையில் கிள்ளி உட்கார வைத்தாள்.

நாலு எட்டு மிச்சம் இருக்கும்போது ஆசிப் சொன்னான்:

"வாப்பா, சார்ஜ் இல்ல. வச்சிருதேன்."

வைத்தும்விட்டான். துல்கர்னைன் பேச்சு அறுந்த போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றான். எடுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று பயமாக இருந்தது. ஆசிப் பையிலிருந்து இறங்கினான். போனை உம்மாவின் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினான். புர்கா பக்கம் ஒரு தடவை பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான். ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டான்.

"வாப்பா, ஒண்ணுக்கு வருது," என்றான், முகத்தைப் பார்த்து.

தென்காசி பஸ் ஹாரன் அடித்தது. பெட்டிகளை எடுக்கச் சொல்லிக் கண்டக்டர் சத்தம் போட்டார். அடுத்த வண்டிக்குப் போவோம் என்று அவருக்குச் சைகை காட்டினான் துல்கர்னைன். மகனிடம் கையை நீட்டினான். ஆசிப் அவன் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். உம்மாவோடு அருவிக்கு வந்து பழகிய அவனுக்குத்தான் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரியும்.