அறுபத்துநான்கு தப்பான விடைகள்

முப்பத்தேழு பேர்தான் தரவிறக்கம் செய்திருக்கிறார்களாம். அறக்கட்டளை அதிகாரி திவாகர் தொலைபேசியில் அப்படிச் சொன்னதும் சண்முகவள்ளி டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளி இறுதி வகுப்பான படிவம் ஐந்தின் வேதியியல் பாடத்து மலாய்க் கேள்விகளுக்குத் தமிழில் விளக்கம் எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று அந்த அறக்கட்டளையின் இணையப் பக்கத்தில் டீச்சர் போட்டிருந்தார். இரண்டு வருட உழைப்பு.

"பலன் இருக்குன்னு காட்டணும் டீச்சர். இல்லாட்டி வெள்ளிக்கிழமை மீட்டிங்ல பக்கத்த மூடிருவாங்க."

"ஒருத்தன் எறக்குனா வாட்ஸ்அப்புல நூறு பேருக்குப் போவுது தம்பி. அத ஒங்க மெஷின் எண்ணுமா?"

"எண்ணாது. அதான் ஆதாரம் கேக்குறாங்க."

விடுவதாக இல்லை டீச்சர். திகாம் பத்து ஊரில் நகலெடுக்கும் கடைவரை போய், தன் தாள் எத்தனை ஓடியதென்று விசாரித்தார். ஆயிரம் தாள் ஓடுகிற கடையில் எது யாருடையது என்று எவருக்குத் தெரியும்?

செவ்வாய்க்கிழமை ஓர் அழைப்பு. செமிலிங் பக்கத்துத் தோட்டத்தில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டும் மருதம்மாள், தாளின் அடியிலிருந்த தொலைபேசி எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார். வணக்கம்கூட இல்லை.

"ரப்பர் பால் கட்டுறதுக்கு அமோனியா ஊத்தணும்னு எழுதினது நீங்கதானா? இருவது வருசமா மரம் வெட்டுறேன். அமோனியா ஊத்துனா கட்டவே கட்டாது, ஆசிட் ஊத்துனாதான் கட்டும். நான் சொன்னா எம்மவ கேக்கல, தாள்ல இருக்குங்கறா. டிரையல் பரீட்சையில மார்க் போச்சு லா!"

டீச்சர் விடைப் பக்கத்தைப் புரட்டினார். இரண்டு விடைகள் இடம் மாறிக் கிடந்தன.

"என் தப்புதான்க்கா, மன்னிச்சிருங்க. இந்தத் தாளு மகளுக்கு யாரு குடுத்தா?"

"செர்டாங்ல எங்கக்கா மவன் அனுப்புனான்."

செர்டாங் கெடா மாநிலத்தின் தென்கோடி. அங்கே டீச்சருக்கு ஒரு குருவியைக்கூடத் தெரியாது. ஆனால் தோட்டத்துப் பிள்ளை எதுவும் தானாக அமோனியா என்று எழுதாது; எழுதியிருந்தால் அது இந்தத் தாளைப் பார்த்துத்தான். தாளை அன்றே திருத்திப் போட்டுவிட்டு, மூன்று பள்ளிகளின் ஆசிரியர்களை இரண்டு நாள் நச்சரித்து, முன்னோட்டத் தேர்வின் விடைத்தாள்களைப் பார்க்க வைத்தார். அமோனியா என்று எழுதியவர்கள் அறுபத்துநான்கு பேர்.

திவாகர் பதறிப்போனார். "இதையா ஆதாரமா அனுப்பச் சொல்றீங்க? ஒங்க பேரே கெட்டுரும் டீச்சர்!"

"கெடட்டும். அறுபத்துநாலு பிள்ளைங்க என்னை நம்பித் தப்பா எழுதியிருக்கு. பெரிய பரீட்சைக்குள்ள அதுங்களுக்குச் சரியான விடை போயாகணும். பக்கத்த மூடிட்டா எந்த வழியா போவும்? சொல்லுங்க தம்பி."



"அனுப்புங்க. மீட்டிங்ல நானே படிக்கிறேன்," என்றார் திவாகர்.