ஃபித்தாதான் என்று சொல்ல இருவர்

அப்பன் விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தில் நாற்பது கொடிகள் ஃபித்தாவுக்குச் சேர வேண்டியவை. மார்க்கம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஐன் தீன் ஊரில் பெண்கள் பங்கு கேட்பதில்லை. "அண்ணனே வச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பெருநாளுக்கு அவன் கொடுக்கும் துணியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். புருஷன் செத்த பிறகு, மகளோடு அண்ணனின் ஆட்டுக்கொட்டகையில் படுத்துக் கிடந்தவள் ஃபித்தா. அவளுக்குத் துணி வேண்டாம், கொடிகள்தான் வேண்டும்.

மூன்று முறை யோர்தான் ஆற்றைக் கடந்து, மேற்கே இருந்த மாவட்டத் தலைநகரின் நீதிமன்றத்துக்கு மனுவோடு போனாள். மூன்று முறையும் எழுத்தன் தலை நிமிராமல் ஒன்றையே கேட்டான்.

"நீதான் ஃபித்தான்னு யாரு சொல்றது?"

"நான்தான் சொல்றேன்."

"அது செல்லாது. உன்னத் தெரிஞ்ச ஆம்பளைங்க ரெண்டு பேரக் கூட்டிட்டு வா."

அவள் ஏறிவந்த கழுதைக்கு யாரும் சாட்சி கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டார்கள். அண்ணன் முத்லக்குக்குப் பயந்து ஊரில் ஓர் ஆண்பிள்ளையும் வரவில்லை. எழுத்தன் முத்லக்கின் மனைவிக்கு மாமன் மகன். வருஷம் தவறாமல் அவன் வீட்டுக்கு உலர்திராட்சைக் கூடை போய்விடும். முத்லக் ஒருநாளும் அந்த மன்றத்துப் படி ஏற வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆண்டு அறுவடை முடிந்ததும் சந்தையில் அறிவிப்புப் படித்தார்கள். இந்த மலைப்பக்கம் இனிமேல் கரக் மாவட்டத்தைச் சேர்ந்தது, டமாஸ்கஸ் மாகாணம். இதுவரை சேர்ந்திருந்த, ஆற்றுக்கு மேற்கே உள்ள பெய்ரூட் மாகாணத்தோடு இனி ஒட்டுமில்லை, உறவுமில்லை. சுல்தானின் தலைநகரான இஸ்தான்புல்லில் யாரோ வரைபடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். ஐன் தீனில் யாரையும் கேட்கவில்லை.

முத்லக் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"பழைய வழக்கெல்லாம் போச்சு. இனிமே கரக்குக்கு நடடி. வழியில இருக்கிற முஜிப் பள்ளத்துல ஒருதடவ எறங்கி ஏறு. வழக்கும் மறந்துடும், உன் பேரும் மறந்துடும்."

கரக்கில் இவன் மனைவிக்கு மாமன் மகன் எவனும் இல்லை என்பதை ஃபித்தா நினைத்துக்கொண்டாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, உப்பு வியாபாரிக் குடும்பம் ஒன்றோடு தெற்கே கிளம்பினாள்.

ஐந்து நாள் நடை. கரக்கில் நடுவர் மனுவைப் பொறுமையாகப் படித்தார். பிறகு அவரும் அதையே கேட்டார்.

"உன்ன அடையாளம் சொல்ல ரெண்டு பேர் வேணும்மா. இது நான் வச்ச சட்டம் இல்ல."

இங்கே யாருக்கு அவளைத் தெரியும்? மனுவைத் திருப்பி வாங்கக் கை நீட்டினாள்.

அப்போதுதான் வாசலில் இரைச்சல் கேட்டது. தலையெல்லாம் புழுதியாக முத்லக் நின்றான், பின்னால் அவன் மச்சான் ஜர்வான். தடுத்து நிறுத்த இங்கே ஆள் இல்லாததால் அவனே ஓடிவந்திருந்தான்.

"ஐயா, இவ பேச்சக் கேக்காதீங்க. என்கூடப் பொறந்தவதான். ஒரே அப்பனுக்குப் பொறந்துட்டு எங்க மானத்த வாங்குறா."

"ஆமாங்க," என்றான் ஜர்வான். "இந்த ஃபித்தா சின்னதுலேருந்தே வாய்க்காரி. ஊருக்கே தெரியும்."

நடுவர் எழுதுகோலை மையில் தோய்த்தார்.

"ரெண்டு பேருக்கும் இவள நல்லாத் தெரியுமா?"

"தெரியாமயா? தூக்கி வளத்தவனே நான்தான்," என்றான் முத்லக்.

"சரி. உங்க பேரச் சொல்லுங்க."

சொன்னார்கள். அவர் நிதானமாக எழுதி முடித்து முத்திரையை அழுத்தினார்.

"அடையாளம் ஆச்சு. மனுவ எடுத்துக்கறேன். உங்க அப்பன் தோட்டத்துல எத்தன கொடி?"

"ஐயா, நான் சாட்சி சொல்ல வரலீங்களே!" என்றான் முத்லக்.

"நூத்தி இருவது," என்றாள் ஃபித்தா. "அவன் ஒருத்தன், நான் ஒருத்தி. அவனுக்கு ரெண்டு பங்கு, எனக்கு ஒண்ணு. நாப்பது எனக்கு."

அடுத்த மாதம் விசாரணைக்கு நாள் குறித்துச் சீட்டுக் கொடுத்தார்கள். சீட்டில் அவள் பெயர் இருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. எந்த எழுத்து தன் பெயர் என்று எழுத்தரைக் கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் முஜிப் பள்ளத்தின் ஏற்றத்தில் முத்லக் பின்னாலிருந்து மூச்சிரைக்கக் கூப்பிட்டான்.

"நில்லு ஃபித்தா. வீட்டுக்குள்ள பேசிக்கலாம். இருவது எடுத்துக்க."

"நாப்பது," என்றாள் திரும்பாமல். கொடிகளைக் கவாத்து செய்ய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நல்ல கத்தியாக ஒன்று பார்த்து வாங்க வேண்டும்.