பாதி விலை மாத்திரை

புருஷன் சுந்தரபாண்டிக்கான சர்க்கரை மாத்திரையைச் செல்வமாரி எப்போதும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக் கடையில்தான் வாங்குவாள். அன்று அது பூட்டியிருந்தது. மார்க்கெட் ரோட்டுக் கடையில் கேட்டால் விலை பாதிதான். அட்டையின் நிறமும் வேறு.

“மருந்து ஒண்ணுதான் தாயி, கம்பெனிதான் வேற,” என்றார் கடைக்காரர். “வேளைக்கு ஒண்ணுக்கு மேல குடுத்துராதீங்க. சர்க்கரை ஒரேயடியா இறங்கி வேர்த்து நடுங்கும்.”

அவள் நம்பவில்லை. பாதி விலைக்கு வரும் மிளகாய் வத்தலில் பாதிக் காரம்தான் இருக்கும். மிளகாய் விளையும் விளாத்திகுளத்துக்காரிக்கு இது தெரியாதா? மறுநாள் காலையில் இரண்டு மாத்திரையாகக் கொடுத்தாள்.

மத்தியானம் பருத்திக்காட்டிலிருந்து வந்த சுந்தரபாண்டி வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை கிடுகிடுவென்று ஆடியது. மட்ட மாத்திரை கேட்கவில்லை, சர்க்கரை ஏறிவிட்டது என்று பதறி மூன்றாவதைப் பிரித்தாள். அப்போதுதான் கடைக்காரர் சொன்னது உறைத்தது. மாத்திரையை வீசிவிட்டு ஓடிப்போய்க் கருப்பட்டியைக் கரைத்து வந்தாள்.

“இந்தாங்க, வாயத் தொறங்க. ஒரு மடக்கு குடிங்க.”

அவனுக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. ஊற்றியதில் பாதிகூட உள்ளே போகவில்லை.