பூட்டுப் போட்ட பெட்ரோல் மூடி

இரண்டாவது தடவை என் விமானத்தின் எஞ்சின் வானத்தில் நின்றபோது, நேர் கீழே இர்மாவின் மாட்டுக் கொட்டகை இருந்தது. கூரையை ஓர் ஆள் உயரத்தில் தாண்டி, சத்தமே இல்லாமல் புல்தரையில் இறக்கினேன். இறக்கிய விதத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. இர்மா பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு நடந்து வந்தாள். அந்தப் புல் ஓடுதளம் அவளுடைய நிலம்.

"ஹார்லன், நல்லா கேட்டுக்க. இன்னொரு தடவை இது மேல நின்னுச்சுன்னா, அன்னிக்கே றெக்கையைக் கழட்டி ட்ரெயிலர்ல ஏத்திக்கிட்டு வீடு போய்ச் சேரு. நீ செத்தாக்கூட பரவாயில்ல. மாடு மிரண்டா பால் சுரக்காது."

"மாட்டுக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கு இல்லையா?"

"மாடு பால் குடுக்குது. நீ என்னத்தைக் குடுக்கிறே?"

இர்மா சொன்னால் சொன்னதுதான். ட்ரெயிலரில் வீட்டுக்குப் போன விமானம் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. முதலில் அதன்மேல் கோழி ஏறும். அப்புறம் எலி சீட்டைத் தின்னும். கடைசியில் எவனாவது வந்து எஞ்சினை மட்டும் கேட்பான். எனக்கு எழுபத்தாறு வயது. முட்டி இரண்டும் போய்விட்டன. நடக்கும்போது கிழவன், பறக்கும்போது அப்படி இல்லை. அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

அது முழுசாக வாங்கின விமானமும் இல்லை. பெட்டி பெட்டியாகத் தகடும் குழாயும் வந்து இறங்க, நானும் என் மனைவி டோரீனும் கார் ஷெட்டில் வைத்துப் பொருத்தியது. தகடுகளைச் சேர்க்கிற ரிவெட் ஆணியை நான் வெளியிலிருந்து அடிப்பேன். அவளுக்குச் சின்னக் கை. இறக்கைக்குள் விட்டு, மறுபக்கம் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பாள். எத்தனை ஆயிரம் ரிவெட் என்று நான் எண்ணவில்லை. சண்டை வந்தால் சொல்லிக்காட்டுவதற்காக அவள் எண்ணி வைத்திருக்கலாம். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் கட்டினவனே வருஷா வருஷம் சோதித்துக் கையெழுத்துப் போடலாம் என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. நான் மெனக்கெட்டுக் கட்டினதே அதற்காகத்தான். மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டு வருகிற எவன் கையும் அதில் படக்கூடாது.

ஆளை மட்டுமல்ல, பெட்ரோல் அளவு காட்டுகிற முள்ளையும் நான் நம்புவதில்லை. ஏறுவதற்கு முன்னால் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பேன். இறங்கினதும் மறுபடி திறந்து பார்ப்பேன். டோரீன் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

எஞ்சின் நின்ற இரண்டு தடவையும் ஒரே கதைதான். கொஞ்ச நேரம் நன்றாகப் பறக்கும். பிறகு இருமும், திணறும், நின்றுவிடும். இறங்கினதும் மூடியைத் திறந்து குச்சி விட்டால் பெட்ரோல் பாதிக்கு மேல் இருக்கும். ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். வடிகட்டியை மாற்றினேன். பிளக்குகளை மாற்றினேன். கார்புரேட்டரை இரண்டு தடவை பிரித்துக் கழுவினேன். ஒவ்வொரு குழாயின் வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு மண்ணும் தெரியவில்லை.

ஒரு பழுது ஆளுக்குத் தகுந்தாற்போல் ஒளிந்து விளையாடாது. அப்படியானால் எவனோ விளையாடுகிறான். ஓடுதளத்தோரம் நாங்கள் விமானம் நிறுத்துகிற கொட்டகைகளில், என் பக்கத்துக் கொட்டகைக்காரன் லாயிடின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அவனும் ஒரு விமானம் கட்டிக்கொண்டிருக்கிறான். இறக்கை மாட்டினால் அவன் கொட்டகையில் இடம் போதாது. என்னுடையது பெரிது. "எப்ப காலி பண்ணுவே ஹார்லன்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பான். பெட்ரோலில் ஒரு கை தண்ணீர் ஊற்ற எவ்வளவு நேரமாகும்? தண்ணீர் இருக்கிறதா என்று வடித்துப் பார்த்தேன். இல்லை. இல்லாததால் சந்தேகம் போகவில்லை.

சாவி போட்டுப் பூட்டுகிற மூடி ஒன்று வாங்கி மாட்டினேன். லாயிட் காப்பிக் கோப்பையோடு வந்து பார்த்தான்.

"பூட்டு எதுக்குய்யா? அணில் வந்து திருடிக்கிட்டுப் போகுதா?"

"திருடறவனுக்கு இல்ல. ஊத்தறவனுக்கு."

அவன் மிச்சக் காப்பியைப் புல்லில் கொட்டிவிட்டுப் போய்விட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்கு அக்கரையில் பறக்கிறவர்களின் காலைச் சாப்பாடு. சொந்தமாகக் கட்டின விமானங்களையெல்லாம் புல்லில் வரிசையாக நிறுத்திவிட்டு, பான்கேக்கும் பன்றி சாசேஜும் தின்பார்கள். போன வருஷம் நாங்கள் போகவில்லை. என் முட்டிக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் டோரீன் புதுச் சட்டையே வாங்கி வைத்திருந்தாள். அதற்கு முன்னால் தனியாக ஒரு தடவை பறந்து பார்த்துவிடலாம் என்று வியாழக்கிழமை மத்தியானம் கிளம்பினேன். மூடியைத் திறந்து, ஊற்றி, குச்சி விட்டுப் பார்த்து, பூட்டினேன். சாவி எங்கள் சின்ன லாரியின் சாவியோடு கோத்திருந்தது. டோரீன் லாரியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் கடைக்குப் போனாள். நான் மேலே போனேன்.

மூன்றாவது தடவையும் நின்றது.

அன்றைக்கு ஓடுதளத்தை விட்டுத் தூரம் போகாமல் சுற்றிக்கொண்டிருந்ததால் தப்பித்தேன். விமானம் சத்தமில்லாமல் இறங்கி வேலியோரம் வந்து நின்றது. வழக்கம்போல் மூடியைத் திறக்கப் போனேன். பூட்டு. சாவி லாரியில். சரி என்று ஸ்டார்ட் பண்ணினேன். விசிறி சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி. பிடிக்கவில்லை. இது தரையில் அடம்பிடிப்பது அதுதான் முதல் தடவை.

இர்மா வந்தாள்.

"றெக்கை" என்றாள்.

"இர்மா, ஞாயித்துக்கிழமை வரைக்குமாவது…"

"றெக்கை, ஹார்லன். பெட்ரோலையும் வடிச்சுடு. அத்தனை பெட்ரோலோட என் வைக்கோல் ஓரமா இழுத்துக்கிட்டுப் போக விடமாட்டேன்."

நான் ஸ்பானரை எடுத்தேன். கட்டினபோது இடது இறக்கையின் முதல் ஆணியை டோரீன்தான் பிடித்துக்கொடுத்தாள், நான் முடுக்கினேன். இப்போது தனியாகக் கழற்றினேன். கையோடு வந்ததைப் புல்லில் போட்டேன். கூப்பிடாமலே லாயிட் ஒரு தகர டப்பாவோடு வந்து, விமானத்தின் வயிற்றுக்குக் கீழே குந்தி உட்கார்ந்தான். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் டாங்க்கின் அடித் திருகைத் திறந்துவிட்டான்.

பெட்ரோல் நூல் மாதிரி வந்தது. பிறகு சொட்டியது. பிறகு நின்றேபோனது.

"தீந்துபோச்சா?" என்றாள் இர்மா.

"எப்படித் தீரும்? நிறைய ஊத்தியிருக்கேன்."

லாயிட் திருகுக்குள் ஒரு கம்பியை விட்டுக் குடைந்தான். கம்பி நன்றாகப் போய்வந்தது. பெட்ரோல் வரவில்லை. எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"உண்மையைச் சொல்லு லாயிட். இதுக்குள்ள என்னத்தை ஊத்தினே?"

"யோவ், உன் டாங்க்கில ஊத்தறதுக்கு நான் காசு கொடுத்து வாங்கணுமா? நீ பறக்கிறதை விட்டா உன் கொட்டகை எனக்குக் கிடைக்கும்னு நினைச்சேன், ஒத்துக்கிறேன். நீ விழுந்து கிடைக்கணும்னு நினைக்கல."

அப்போதுதான் லாரி வந்து நின்றது. டோரீன் இறங்கினாள். புல்லில் கிடந்த ஆணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சாவியைக் கொடுத்தாள். நான் பூட்டைத் திறந்து மூடியைத் திருகினேன்.

புஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை முன்பும் கேட்டிருக்கிறேன். வெயில் சூடு என்று விட்டுவிட்டேன். இந்தத் தடவை அது முடிவதற்குள் கீழேயிருந்து லாயிட் கத்தினான். திறந்தபடி இருந்த அடித் திருகிலிருந்து பெட்ரோல் கொட்டோ கொட்டென்று கொட்டி, டப்பாவைத் தாண்டி, அவன் பூட்ஸ் இரண்டையும் நனைத்தது.

டோரீன்தான் பேசினாள்.

"பால் டின்னுல ஒரே ஓட்டை போட்டா ஊத்துமா? ரெண்டாவது ஓட்டை போடணும்ல? இதுக்கு மூச்சு விட வழி இல்ல ஹார்லன். மேல காத்து போனாத்தானே கீழ பெட்ரோல் வரும்."

டாங்க்குக்குக் காற்று போவதற்கென்று ஒரு குழாய் இருக்கிறது. மேலே தொடங்கி, ஒரு வளைவு வளைந்து, வயிற்றுக்கடியில் வெளியே வரும். அதன் வாயில் நான் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன், சுத்தமாக இருந்தது. வளைவுக்கு அப்பால் வெளிச்சம் போகவில்லை. அப்புறம்தான் எல்லாம் ஒன்றாக என் மண்டையில் ஏறியது. இறங்கின ஒவ்வொரு தடவையும் குச்சி விட மூடியைத் திறந்து, நானே அதற்கு மூச்சு கொடுத்துவிட்டு, நோய் எங்கே நோய் எங்கே என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

குழாயை டாங்க்கிலிருந்து கழற்றினேன். லாயிட் வேலிக் கம்பி ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தான்.

"மேலேருந்து தள்ளு. கீழேருந்து தள்ளினா இன்னும் உள்ள போய்—"

"தெரியும்யா."

கொஞ்சம் அடம்பிடித்தது. பிறகு டப்பென்று கீழே விழுந்தது, கட்டைவிரல் அளவுக்கு ஒரு களிமண் உருண்டை. இர்மா பூட்ஸ் நுனியால் நசுக்கினாள். உள்ளே காய்ந்துபோன குட்டிச் சிலந்திகள் நெருக்கியடித்துக் கிடந்தன. குளவிக்கூடு; குஞ்சுக்குத் தீனியாகச் சிலந்தியைப் பிடித்து அடைத்து வைக்கும். முட்டிக்காக நான் பறக்காமல் கிடந்த கோடையில், ஏதோ ஒரு குளவி குழாய்க்குள் நுழைந்து குடும்பம் நடத்தியிருக்கிறது.

லாயிட் நனைந்த பூட்ஸைத் தூக்கிக் காட்டினான். "என்னத்தை ஊத்தினேன்னு கேட்டியே. இப்ப யாருய்யா யார்மேல ஊத்தினது?"

நான் என் தோளில் இருந்த துணியை எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டான். எங்கள் சண்டை அதோடு தீர்ந்தது.

இர்மா மட்டும் அசையவில்லை. "காரணம் கிடைச்சுது, சந்தோஷம். நான் சொன்னது சொன்னதுதான்."

"றெக்கையைக் கழட்டச் சொன்னே, கழட்ட ஆரம்பிச்சாச்சு" என்றாள் டோரீன். "திருப்பி மாட்டக் கூடாதுன்னு சொன்னியா?"

இர்மா அவளை முறைத்தாள். வாய் ஓரத்தில் மட்டும் ஏதோ நெளிந்தது. "சாயங்காலம் நான் பால் கறக்க உக்காரும்போது மேல போகணும். கடைசி மாட்டைக் கறந்து முடிக்கிற வரைக்கும் என் தலைக்கு மேலயே சத்தம் கேட்டுக்கிட்டு இருக்கணும். நடுவுல ஒரு இருமல் கேட்டுச்சு, நானே கோடாலியோட வருவேன்."

டோரீன் ஆணியைப் பிடித்தாள். நான் முடுக்கினேன். குழாயை மாட்டி, அதன் வாய்க்குப் பொடிக் கம்பி வலை கட்டினேன். நான் முடித்ததை லாயிட் ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் மேலே ஏறினேன். முதல் இரண்டு நிறுத்தமும் வந்த நேரம் தாண்டியது. மூன்றாவதும் தாண்டியது. கீழே சோளக்காடு மஞ்சளாகக் கிடந்தது. நான் எதையும் பார்க்கவில்லை, காதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு இருமல் இல்லை. ஒரு திணறல் இல்லை. இர்மா வேண்டுமென்றே மெதுவாகக் கறந்தாள் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். கடைசியில் கொட்டகை வாசலில் வந்து நின்று, கையில் இருந்த வெள்ளைத் துண்டை ஒரே ஒரு தடவை வீசினாள். நான் அப்போதும் இறங்கவில்லை. எஞ்சினை முழுக்க முடுக்கி, அவள் ஓடுதளத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தாழப் பறந்து, தலைக்குமேல் உறுமிக்கொண்டு போனேன். அவள் முஷ்டியை ஆட்டியது தெரிந்தது. லாயிட் தொப்பியைத் தூக்கி எறிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை டோரீன் புதுச் சட்டையோடு ஏறி உட்கார்ந்தாள். ஆற்றைத் தாண்டும்போது எதையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவில்லை. இறக்கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எல்லாம் என் ரிவெட்டு" என்றாள்.

"வெளிப்பக்கம் என்னுது."

அக்கரையில் புல் கொள்ளாமல் விமானங்கள். எங்களுக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. லாரியில் வந்துசேர்ந்திருந்த லாயிட், ஒரு கையில் சாசேஜ், சுற்றிலும் கூட்டம், தன் பூட்ஸால்தான் பழுது பிடிபட்டது என்று கதையளந்துகொண்டிருந்தான்.

"பூட்ஸ் இல்ல. பூட்டு" என்று நான் உள்ளே புகுந்தேன். "நான் உன்னை நம்பியிருந்தா பூட்டு வாங்கியிருக்க மாட்டேன். பூட்டு இல்லேன்னா இன்னும் தேடிக்கிட்டே இருந்திருப்போம்."

"கேட்டியா டோரீன்? சந்தேகப்பட்டதுக்கு இவனுக்கு நான் நன்றி சொல்லணுமாம்!"

"சொல்லிடு லாயிட்" என்றாள் டோரீன், என் தட்டில் இருந்த பான்கேக்கை எடுத்துக்கொண்டே. "இல்லேன்னா திரும்பிப் போற வரைக்கும் இதையே பேசிக்கிட்டு வருவான். எஞ்சின் நிக்கும், இவன் நிக்க மாட்டான்."

திரும்பும்போது எஞ்சினும் நிற்கவில்லை.