கூலன்ட் டப்பாவில் ஒரு கோடு

இடது முழங்காலில் தொடங்கிய குடைச்சல் இடுப்புவரை ஏறி உட்கார்ந்திருந்தது. கிளட்சை விட்டுக் காலை எடுத்த பிறகும் அது தன்னுடைய கால் மாதிரியே இல்லை எஸ்தருக்கு. இரண்டு கையாலும் தூக்கித்தான் வெளியே வைத்தாள். தேஹு ரோடு ஸ்டேஷனுக்குப் பின்னால், மெக்கானிக் கவுஸ் பாயின் தகரக் கொட்டகைக்குள் பகல் இரண்டரை மணி வெயில் அடுப்பாக எரிந்தது. காலை ஐந்தே முக்காலுக்கு ஆறு சமையல்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு பாணேருக்குப் போக வேண்டும். அவர்கள் வீடு வீடாகப் போய்ச் சப்பாத்தி போட்டு, குழம்பு வைத்து முடிக்கிறவரை ஏதாவது அபார்ட்மெண்ட் சுவரோரம் காத்துக் கிடந்து, ஒன்றரைக்குத் திரும்ப அள்ளிக்கொண்டு வர வேண்டும். வாரத்தில் ஆறு நாள், அதே ரோடு. இதற்கு முன் பன்னிரண்டு வருஷம் எஸ்தர் அதே பாணேரில் சிமெண்ட் சட்டி சுமந்தவள். இந்தப் பெண்கள் லிஃப்டில் ஏறிப் போகிற கட்டடங்கள் சிலவற்றுக்குப் பத்தாவது மாடிவரை நடந்தே கலவை ஏற்றியிருக்கிறாள். ராணுவ டிப்போவில் பெட்டி தூக்கித் தூக்கிப் புருஷனுக்கு முதுகெலும்பு விலகிப்போன பிறகு, கழுத்துச் சங்கிலி உட்பட இருந்ததையெல்லாம் போட்டு வாங்கியது இந்த மூன்று வரிசைப் பழைய கார். கார் படுத்துவிட்டால் மறுபடி சட்டிதான். நாற்பத்தெட்டு வயசில், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு, பத்து மாடி.

அதனால்தான் இன்று காலை ராவேத் பாலத்துக்குக் கிட்டே சூட்டு முள் சிவப்புக்கு ஏறி, பானெட் இடுக்கில் ஆவி கிளம்பியதும் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டாள். இறங்கி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, உருட்டி உருட்டி ஓட்டி எப்படியோ போய்த் திரும்பியாகிவிட்டது.

கவுஸ் பாய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்துக் காட்டினார். விரல் செங்கல் நிறத்தில் இருந்தது. "இது கூலன்டா, செம்மண் குளத்துத் தண்ணியா? வித்தவன் வெறும் தண்ணியவே ஊத்தி ஓட்டிருக்கான். பூரா எறக்கிக் கழுவிட்டுப் புதுசு ஊத்தணும்." சொல்லிக்கொண்டே எஞ்சின் சூட்டைத் தணிக்கும் பச்சை நிறக் கூலன்ட் டப்பா ஒன்றை எடுத்து வைத்தார்.

எஸ்தர் டப்பாவைப் பார்த்தாள். பாணேரில் ஹரிபிரசாத் என்கிற கம்ப்யூட்டர்காரர் ஒருவர் பார்க்கிங்கில் பேச்சுக் கொடுத்தபோது, ரோஸ் நிறம்தான் நல்லது, ஐந்து வருஷம் தொடவே வேண்டாம் என்றிருந்தார்.

"ரோஸ் கலரு அஞ்சு வருஷம் நிக்குமாமே பாய். இது எத்தன நாளைக்கு?"

"ரெண்டு வருஷம்."

"அப்போ ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா நா ஒங்ககிட்ட வந்து நிக்கணும்."

கவுஸ் சிரித்தார். "கலர்ல என்ன இருக்கு எஸ்தரு? ஒரு கம்பெனிக்காரன் பச்ச போடுவான், இன்னொருத்தன் ரோஸ் போடுவான். பின்னால என்ன எழுதிருக்குன்னு பாக்கணும். ஒன் வண்டி ரேடியேட்டரு பழய பித்தள, ஈயம் வச்சு ஒட்டுனது. அதுக்கு இந்தச் சரக்குதான்னு வண்டி புஸ்தகத்துலயே போட்டுருக்கான். புது வண்டிக்கு உள்ளத இதுல ஊத்தி ஓட்ட விழுந்தா அப்பவும் எங்கிட்டதான வந்து நிப்ப."

அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. ஆனால் சரியாகப் படுகிற மாதிரிப் பேசியவர்களிடம்தான் எஸ்தர் இதுநாள்வரை ஏமாந்திருக்கிறாள். கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்ட மேஸ்திரியும் சரியாகத்தான் பேசினான். "கம்பெனி கண்டிஷன் அக்கா" என்று இந்த வண்டியை அவள் தலையில் கட்டியவனும் அப்படித்தான். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அவள் ஒரு டயர்மேல் உட்கார்ந்து, கவுஸின் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். மூன்று தடவை கழுவி இறக்கினார். நான்காம் தடவைதான் தண்ணீர் தெளிந்தது. பச்சையைப் பாதி ஊற்றிவிட்டு இன்னொரு கேனிலிருந்து தண்ணீரைச் சரித்தார்.

"என்ன பாய், தண்ணி ஊத்துதிய?"

"பாதிக்குப் பாதிதான் கணக்கு. பேட்டரிக்கு ஊத்துற சுத்தத் தண்ணி இது. கொழாத் தண்ணி மட்டும் ஊத்திராத, உள்ள சுண்ணாம்பு கட்டிரும்."

எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரைத் திருகி, குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும்வரை நின்றார். ரெண்டு நாளைக்குக் கொஞ்சம் இறங்கும், அப்புறம் நின்றுவிடும் என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு தொழுகைக்குப் போனார். எஸ்தர் எட்டிப் பார்த்தாள். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் கூலன்ட் அளவு காட்டுகிற பிளாஸ்டிக் டப்பா வெயிலிலும் சூட்டிலும் பழுத்து மஞ்சளாகியிருந்தது. அளவுக்கு அதில் என்ன கோடு இருந்ததோ, எல்லாம் அழிந்துபோயிருந்தது. கைப்பையில் மகளின் சிவப்பு நெயில் பாலிஷ் கிடந்தது. பச்சை நிற்கிற இடத்தில், டப்பாவின் வெளிப்பக்கம், ஒரு கோடு இழுத்தாள். எஞ்சின் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. விரல் சுட்டது.

அந்த யோசனை அவளுக்கு வந்தது வண்டியில் வருகிற பெண்களின் பேச்சிலிருந்து. நடு வரிசை ஜன்னலோரம் உட்காருகிறவள் கவுஸ் பாயின் மனைவி அக்தர் பானு. அவள் வாயைத் திறந்தால் பாலேவாடி வரும்வரை வண்டியில் யாரும் தூங்க முடியாது. போன மாதம் ஒருநாள் சொன்னாள்: "எங்க ஆறரை மணி வீட்டு மேடம் எண்ணெ பாட்டில்ல பேனாவால கோடு போட்டு வச்சிருக்கா. நா குடிச்சிருவேனாம்! நா என்ன செஞ்சேன் தெரியுமா? ஒரு வாரம் எண்ணெயே ஊத்தாம அவிச்சு வச்சேன். கோடு அப்படியே நிக்கி. அவ வீட்டுக்காரருதான் தட்டத் தள்ளிட்டாரு." பின் வரிசையில் சுனந்தா தாயி மராத்தியில் வைத வசவுக்கு வண்டியே குலுங்கியது. எஸ்தரும் சேர்ந்துதான் சிரித்தாள்.

மறுநாள் விடியுமுன் பானெட்டைத் தூக்கி செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. கவுஸ்தான் சொன்னாரே என்று பொறுத்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலை தெருக்குழாயில் ஒரு பாட்டில் பிடித்துக் கோடுவரை ஊற்றினாள். குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்று அவர் சொன்னது நினைவில் இருந்தது. தன்னிடமே வாங்க வேண்டும் என்பதற்காகச் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. நான்காம் நாள் மறுபடி இறங்கியிருந்தது, மறுபடி ஊற்றினாள். அன்று பாணேரில் வண்டிக்கு அடியில் பச்சையாக ஒரு திட்டு சொட்டியிருந்தது. ஆக, ஒழுகல் வேறு. எங்கேயோ சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறார். விட்டது மறதியா, வேண்டுமென்றா?

ஒரு தடவை மனசில் விழுந்துவிட்டால் அப்புறம் எதைப் பார்த்தாலும் அதற்குச் சாட்சிதான். மத்தியானத்திலிருந்து விடியும்வரை வண்டி அவர் கொட்டகையில். சாவி அவர் ஆணியில். பக்கத்தில் ஒரு டாக்ஸி பானெட் திறந்தபடி நிற்கிறது. அதன் அடியிலும் பச்சைச் சொட்டு. முன்பெல்லாம் சாவி வாங்கும்போது "டீ குடிச்சிட்டுப் போ" என்கிறவர் இரண்டு நாளாகச் சொல்லவில்லை. அவருக்குக் காய்ச்சல் என்று அக்தர் பானு சொன்னதையும் எஸ்தர் நம்பவில்லை. தினம் ஒரு விரற்கடை எடுத்தால் யாருக்குத் தெரியும்? ஒருநாள் ரோட்டில் எஞ்சின் வெந்து இறுகி நின்றுவிடும். அப்போது பெரிய வேலை யாருக்கு? அவருக்குத்தான்.

ஒன்பதாம் நாள் காலை பெண்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். எஸ்தர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். "பாய், இங்கன வாங்க. ராத்திரி என் வண்டில யாரு கை வைக்கா?"

கவுஸ் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து டப்பாவைப் பார்த்தார். பார்வை சிவப்புக் கோட்டில் நின்றது. "இது யாரு போட்ட கோடு?"

"நாந்தான். டெய்லி ஊத்துதேன், டெய்லி எறங்குது. சாவி ஒங்ககிட்டதான இருக்கு? அந்த டாக்ஸிக்கு எங்கருந்து ஊத்துதிய? என் பொழப்புல கை வச்சா நல்லாருப்பியளா?"

அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வண்டிக்கதவு திறந்தது. அக்தர் பானு டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். பின் வரிசையிலிருந்து "சோட் நா, பைட்", விடு, உட்கார் என்று சுனந்தா தாயி கையைப் பிடித்து இழுத்தும் அவள் நிற்கவில்லை.

"அந்த மேடம் எண்ணெ பாட்டிலுக்குக் கோடு போட்டா. நீ எம் புருஷனுக்கே போட்டுட்டியாக்கா?" என்றாள். சத்தம் போட்டிருந்தால் எஸ்தருக்கும் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.

கவுஸ் உள்ளே போய்ச் தன்னிடமிருந்த மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து பானெட்மேல் வைத்தார். "வேற எடம் பாத்துக்கோ" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ஒளிக்கிறவர்தான் பேசாமல் இருப்பார் என்று எஸ்தர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு ஓட்டினாள். பின்னால் ஐந்து பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அன்று பகலிலிருந்து வண்டி சர்ச் காம்பவுண்டில் நின்றது. இரும்பு கேட், பூட்டு, காவலுக்கு ஜெபமணி. நாசரேத்துப் பக்கத்து ஆள், ஒரு கண்ணில் புரை. சாவியை எஸ்தர் யாரிடமும் கொடுக்கவில்லை. மறுநாள் விடியுமுன் போய்ப் பார்த்தாள். கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே.

பாட்டிலை எடுத்துக் கோடுவரை ஊற்றினாள். பிறகு திரும்பி ஜெபமணி படுத்திருந்த கட்டிலைப் பார்த்தாள். பார்த்த பார்வை அவருக்கே புரிந்துவிட்டது.

"ஏட்டி, என்ன அப்படிப் பாக்கே? அந்தப் பச்சத் தண்ணிய நா குடிச்சிட்டேன்னா?"

"பின்ன எங்க போச்சு?"

"இன்னிக்கி மத்தியானம் வந்து நீயே காவலுக்கு உக்காரு. நா தூங்குதேன். எனக்கும் ஒருநாள் லீவு கெடைக்கட்டும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். எஸ்தர் உட்கார்ந்தாள். இரண்டரை மணிக்கு வண்டியை நிறுத்தின சூட்டோடு பானெட்டைத் தூக்கினாள். இத்தனை நாளும் அந்த நேரத்தில் அவள் திறந்ததில்லை. நிறுத்தினால் போதும், காலை நீட்டினால் போதும் என்று போய்விடுவாள். டப்பாவில் பச்சை கோட்டைத் தாண்டிக் கழுத்துவரை நின்றது. மூடி ஓரத்தில் கசிந்து சொட்டிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் கோடுவரைதானே ஊற்றினேன் என்று திகைத்தாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, எதிரே உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று மணிக்குக் கழுத்தை விட்டு இறங்கியது. மூன்றரைக்குக் கோட்டுக்கு வந்தது. யாரும் கிட்டே வரவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு நாய் மட்டும் கிடந்தது. ஐந்து மணிக்கு எஞ்சின்மேல் கையை வைத்தால் வெதுவெதுப்புதான் இருந்தது. பச்சை கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

ஜெபமணி எழுந்து வந்து கொட்டாவி விட்டார். "ஆளு சிக்குனானா?"

டப்பாவின் கழுத்திலிருந்து கோட்டுக்குக் கீழேவரை அவள் விரலை இறக்கிக் காட்ட, அவர் குனிந்து பார்த்தார். "சூட்டுல பொங்கி நிக்கும், ஆறுனா எறங்கும். பால் காச்சுதவதான நீ? ஆறுனப்புறமில்லா அளவு பாக்கணும். கொதிக்கும்போது யாராவது கோடு போடுவாங்களா?"

இத்தனை நாளும் அவள் ஊற்றிய குழாய்த் தண்ணீர்தான் பொங்கி வழிந்திருக்கிறது. பாணேரில் சொட்டிய பச்சையும் அவள் ஊற்றி வழியவிட்டதுதான். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். முதல் தடவையில் முடியவில்லை.

மறுநாள் வண்டி கிளம்பியதும் அவளே பேச்செடுத்தாள். பாய் மேல் தப்பில்லை, கோடு போட்டதுதான் தப்பு, வண்டி ஒழுகவும் இல்லை, யாரும் எடுக்கவும் இல்லை என்று இந்தியும் தமிழுமாகச் சொல்லி முடித்தாள். நடு வரிசை ஜன்னலோர இடத்தில் யாரும் உட்காரவில்லை. பைகளைக்கூட மடியில்தான் வைத்திருந்தார்கள்.

"ஹம்கோ க்யோன் போல்தி ஹை? உஸ்கோ போல்" என்றாள் சுனந்தா தாயி. எங்களிடம் ஏன் சொல்கிறாய், அவளிடம் சொல். மீதியையும் அவளே சொன்னாள். ரயிலில் போய், இறங்கி, பஸ் பிடித்து அக்தர் பானு பாணேர் சேரும்போது ஏழே கால் ஆகிவிடுகிறது. முதல் வீடான அந்த ஆறரை மணி வீட்டில் ஏழு மணிக்குச் சாப்பாட்டு டப்பா கட்டியாக வேண்டும். இரண்டு நாள் பார்த்துவிட்டு, நேற்று அந்த மேடம் வேறு ஆளை வைத்துவிட்டாள்.

எஸ்தர் வண்டியைத் திருப்பி ஸ்டேஷனுக்கு விட்டாள். தாமதமாகும் என்று யாரும் சொல்லவில்லை. நடைமேம்பாலத்தின் படிகளில் அக்தர் பானு ஏறிக்கொண்டிருந்தாள். எஸ்தர் கைப்பிடியைப் பற்றி, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து ஏறி, பாதிப் பாலத்தில் அவளை எட்டினாள். மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் சொன்னாள். கீழே வண்டியின் ஜன்னல்களில் ஐந்து முகங்கள் மேலே பார்த்திருந்தன.

அக்தர் பானு கடைசிவரை கேட்டாள். "அவருகிட்டயும் சொல்லிரு அக்கா. ஆனா நீ சொன்னா தீந்துருமா? ஆறரை மணி வீடு போச்சே, அத எங்கருந்து எடுத்துத் தருவ?"

"நா விசாரிக்கேன். பாணேர்ல எனக்கு வாட்ச்மேன்மார தெரியும்..."

"வேல கெடைக்கட்டும், அப்புறம் வண்டில ஏறுதேன்."

லோனாவளாவிலிருந்து வரும் லோக்கல் கூவியது. அக்தர் பானு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தப் பக்கப் படிகளில் இறங்கி, தளேகாவிலிருந்தே அடைத்துக்கொண்டு வந்த பெண்கள் பெட்டியின் வாசலில் ஒற்றைக் காலை வைத்தாள். இன்னொரு கால் உள்ளே போக இடம் கிடைப்பதற்குள் ரயில் நகர்ந்தது. அவள் நீல முந்தானை கம்பிக்கு வெளியே படபடத்துக்கொண்டு போவதைப் பாலத்தின் நடுவில் நின்று எஸ்தர் பார்த்தாள். அக்தர் பானுவுக்கு அவள் கொடுக்க வேண்டிய பாக்கி, ஒரு வீட்டு வேலை.