ஐந்தாவது மூட்டை

அன்று என் ஸ்டோரில் முப்பத்தெட்டு மூட்டை ஏலக்காய் இருந்தது. ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. எந்த மூட்டை யாருடையது என்பதுதான் போய்விட்டது. எலி தின்றிருந்தால்கூட ஊராருக்கு ஒரு பதில் சொல்லியிருப்பேன். இதற்கு என்ன பதில் சொல்வது?

குமுளிக்கு மேலே, எஸ்டேட் முடிகிற இடத்தில் இருக்கிறது என் ஸ்டோர். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் பச்சைக் காயைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். நான் டிரையரில் உலர்த்தி, சாக்கில் கட்டிக் கொடுப்பேன். விலை ஏறட்டும் என்று நினைக்கிறவர்கள் மூட்டையை என்னிடமே விட்டுவிட்டுப் போவார்கள். எது யாருடையது என்று தெரிய முன்பெல்லாம் ஒரு வழி வைத்திருந்தேன். ஒரு அட்டையை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைச் சாக்கில் கட்டுவேன், மறு பாதியை அவர்கள் கையில் கொடுப்பேன். எடுக்க வரும்போது கிழிசலும் கிழிசலும் பொருந்தவேண்டும். அதிலும் தகராறுதான். மழையில் ஊறிப்போன அட்டையைக் கொண்டுவந்து, பொருந்தாததைப் பொருந்துகிறது என்று எவனாவது கத்துவான்.

என் மகன் ஷைஜுவின் மனைவி சோனா, கொச்சியில் உள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிறவள். அவள்தான் ஆரம்பித்தாள்.

"சரக்கு வர்றது, உலர்த்துறது, பில்லு, ஸ்டாக்கு எல்லாத்தையும் ஒரே சாப்ட்வேர்ல கொண்டாந்துரலாம் மாமா. மிஷின் மட்டும் வாடகைக்கு எடுத்தாப் போதும்."

"மிஷினை எங்கன வைக்கிறது? டிரையர் பக்கம் சூடு அடிக்குமே."

"இங்க வைக்க வேணாம். அது மும்பையில இருக்கும்."

"நம்ம சரக்குக் கணக்கு எவனோ ஒருத்தன் மிஷின்லயா?"

ஷைஜு சிரித்தான். "அது கிளவுட்டுப்பா. ஊரு உலகமே அதுலதான் கெடக்கு."

"நானும் நாப்பது வருஷம் கம்பெனி லயத்துல கெடந்தவன்தான்டா. வேலை நின்ன மாசமே சட்டி பானையை வெளியில எடுத்து வைக்கச் சொன்னான். அடுத்தவன் எடத்துல குடியிருக்கிறதைப் பத்தி எனக்கு நீ சொல்லாத."

லயம் என்றால் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் கம்பெனி கொடுக்கிற வரிசை வீடு. வேலை இருக்கிறவரைக்கும் வீடு.

சோனா விடவில்லை. ஒரு நாள் காலையில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு வரி தட்டினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து கடகடவென்று இறங்கியது.

"இப்ப என்ன நடக்குது?"

"மும்பையில நமக்கு ஒரு மிஷின் தயாராகுது மாமா. என்னென்ன பண்ணணும்னு வரிசையா எழுதி வச்சிருக்கேன். இதுக்கு ஸ்கிரிப்ட்டுன்னு பேரு. பழசு கெடந்தா முதல்ல தொடைச்சிரும். அப்புறம் சாப்ட்வேரை இறக்கும், பூட்டுப் போடும், நமக்கு மட்டும் கதவைத் திறக்கும். கையால பண்ணுனா ஒரு நாள் ஆகும். இது டீ குடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும். பின்னாடி எதுவும் கெட்டுப்போனாலும் இதையே திரும்ப ஓட்டலாம். அதே மாதிரி இன்னொண்ணு வந்துரும்."

"அதே மாதிரியா?"

"அச்சு அசலா."

லயத்தையும் வெள்ளைக்காரன் அப்படித்தான் கட்டி வைத்திருந்தான். ஒரு வீட்டைப் பார்த்தால் எல்லா வீட்டையும் பார்த்த மாதிரி. உள்ளே யார் இருந்தார்கள் என்று சுவர் சொல்லாது. இது எனக்கு அப்போது தோன்றவில்லை. பிற்பாடு தோன்றியது.

சாக்கில் ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் வந்தது. கோடு கோடாக ஒரு படம், அதன் கீழே நம்பர்.

"இதுல ஆளு பேரையும் போட்டுரலாம் மாமா. மூட்டை கட்டுனதும் அவங்க போனுக்கு மெசேஜ் போற மாதிரியும் பண்ணிரலாம்."

"ரெண்டும் வேணாம்."

"ஏன்?"

"பேரைப் போட்டா வியாபாரி சாக்கைப் பார்த்துட்டு நேரா அவங்க வீட்டுக்கே போயிருவான். மெசேஜை அனுப்புனா அதையே தூக்கிட்டு வந்து சண்டை போடுவாய்ங்க. அட்டையில பட்டது போதும். கணக்கு நம்மகிட்ட மட்டும் இருக்கட்டும்."

"அவங்ககிட்டயும் ஒண்ணு இருக்கிறது நல்லது மாமா."

"யாருக்கு நல்லது?"

மிஷினை நான் நம்பவில்லை. ஆட்களை அதைவிட நம்பவில்லை. அட்டை கிழிப்பதை அன்றோடு நிறுத்தினேன்.

மழைக்காலம் முடிகிறவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஷைஜு சாக்கின் மேல் போனைக் காட்டுவான். இன்னார் மூட்டை, இத்தனை கிலோ என்று வரும். குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு சோனா பிரசவத்துக்குக் கட்டப்பனைக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போனாள்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு காலையில் திரை நின்றுவிட்டது. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, உள்ளே போக விடவில்லை. பிள்ளை பெற்றவளைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று ஷைஜு தானே அந்த ஸ்கிரிப்ட்டை ஓட்டினான். கெட்டுப்போனால் திரும்ப ஓட்டலாம் என்று அவளே சொன்னதுதானே. எழுத்து கடகடவென்று இறங்கியது. டீ குடித்து முடிப்பதற்குள் திரை பளிச்சென்று திறந்தது. திறந்து, அன்றைக்குத்தான் ஊருக்கு வந்தவன் மாதிரி, உங்கள் கடையின் பெயர் என்ன என்று எங்களிடமே கேட்டது.

உள்ளே ஒன்றும் இல்லை. ஷைஜு ஒவ்வொரு சாக்கிலும் போனைக் காட்டினான். அப்படி ஒரு நம்பர் கிடையாது என்றே வந்தது.

சாயங்காலம் சோனாவிடம் சொல்லவேண்டி வந்தது. 

"பேக்கப்பு எடுக்கத்தான் செஞ்சுச்சு. ஆனா அதே மிஷின்லதான் வச்சிருந்தேன். வெளியில ஒரு எடத்துக்கு மாத்தணும்னு நெனச்சு நெனச்சு, மாத்தாமயே வந்துட்டேன். தொடைக்கிற வரியையாவது எடுத்திருக்கணும்." அழுதாள். பிள்ளையும் அழுதது. ஷைஜு போனை வைத்துவிட்டான்.

"ஸ்டிக்கரைப் பூரா உரிச்சிட்டுப் புதுசா ஒட்டிருவோம்ப்பா," என்றான். "ஆளுக்கு இத்தனைன்னு ஒரு குத்துமதிப்பா. யாருக்குத் தெரியப் போகுது?"

"ஒருத்தன் மூட்டையைப் பிரிச்சுப் பார்த்து, இது என் காய் இல்லைன்னு நிப்பான். அப்ப நான் திருடன்."

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே செபமாலையம்மாள் வந்து நின்றாள். என்னோடு ஒரே எஸ்டேட்டில் வேலை பார்த்தவள். புருஷன் இல்லை, கொஞ்சம் ஏலக்காடு உண்டு. இந்த வருஷம் அவளுக்கு வேலை முடிந்துவிட்டது.

"அண்ணே, என் அஞ்சு மூட்டையையும் எடுத்து வைங்க. ஏலத்துக்கு விட்டுரலாம். இந்த மாசத்தோட லயத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. புது வீட்டுக்குச் செவுரு நிக்குது. மேல தகரம் போடணும், மேஸ்திரி முன்பணம் கேக்குறாரு."

வீட்டை முடிக்க அவளுக்கு இருந்தது அந்த மூட்டைகள் மட்டும்தான். அது எனக்குத் தெரியும். நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டு, மற்ற எல்லோரையும் வரச்சொன்னேன்.

மறுநாள் ஸ்டோர் கதவைத் திறந்து வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். முதலில் வாயைத் திறந்தவன் மொக்கையன். ஜீப்பு வைத்திருக்கிறான், ஏலக்காடும் கொஞ்சம் பெரிது.

"ஏன் பெரியவரே, மும்பைக்காரன் பேரை மட்டும்தான தூக்கிட்டுப் போனான்? மூட்டையை விட்டுட்டானே, நல்லவன்தான்."

சிலர் சிரித்தார்கள். காய் கொண்டுவருகிற மருதாத்தாள் சிரிக்கவில்லை. "கட்டப்பனை ஸ்டோர்ல என் தம்பிக்கு மெசேஜ் வருது. மூட்டை நம்பரெல்லாம் போட்டு வருது. எங்களுக்கு ஏன் வரல?"

ஷைஜு என்னைப் பார்த்தான்.

"நான்தான் வேணாம்னேன்," என்றேன்.

"எங்க மேல அம்புட்டு நம்பிக்கை," என்றாள் மருதாத்தாள்.

ஆளுக்கு எத்தனை மூட்டை என்று கேட்டேன். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல ஷைஜு கூட்டினான். என் சொந்தக் காட்டுக் காய் ஆறு மூட்டை போக, மற்றவர்களுக்கு முப்பத்திரண்டு. அவர்கள் வாயால் சொன்னது முப்பத்துமூன்று.

திரும்பக் கேட்டோம். திரும்பவும் முப்பத்துமூன்று.

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எனக்குப் பழக்கமான வேலைதான் அது. எல்லா முகமும் பொய் சொல்கிற முகமாகத்தான் தெரிந்தது. அப்போது ஷைஜு மெதுவாகச் சொன்னான். "செபமாலை அத்தைக்கு நாலுன்னுதான் எனக்கு ஞாபகம்."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். எல்லோருக்கும் கொஞ்சம் நிம்மதி வந்த மாதிரி இருந்தது.

"வீடு கட்டுறவங்களுக்கு ஒரு மூட்டை கூடத்தான் தேவைப்படும்," என்றான் மொக்கையன்.

"அஞ்சு," என்றாள் செபமாலை. "என் முதுகுல சுமந்து கொண்டாந்த காய். எனக்குத் தெரியாதா?"

"அப்ப நாங்க எல்லாம் பொய் சொல்றமா?"

"நான் உங்களைச் சொல்லல. என்னுது அஞ்சு."

சண்டை பெரிதாகும் என்று எனக்குத் தெரிந்தது. "விடுங்கப்பா. என் ஆறுல ஒண்ணை எடுத்துக்க, செபமாலை. முடிஞ்சுபோச்சு."

பெரிய மனசு பண்ணிவிட்டதாகத்தான் அப்போது நினைத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை வேறு மாதிரி இருந்தது.

"உங்க மூட்டை எனக்கு எதுக்குண்ணே? நான் என் மூட்டையைக் கேட்டேன். இதை வாங்கிட்டா, பொய் சொல்லி வாங்குனேன்னு ஆயிரும்."

இடது சுவர் ஓரத்தில் இருந்த என் ஆறைத் தொடாமல், மற்ற சாக்குகளைப் பிரித்து, காயைப் பார்த்து, ஆளாளுக்கு அடையாளம் சொல்லி எடுத்துக்கொண்டார்கள். அடையாளம் சரியா என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம். அவள் நாலு மூட்டையை ஏற்றிக்கொண்டு போனாள். மறுநாள் என் மூட்டை ஒன்றை ஜீப்பில் அவளுக்கு அனுப்பினேன். அப்படியே திரும்பி வந்தது. வண்டியை விட்டு இறக்கவே விடவில்லை என்றான் டிரைவர். செவுரு மட்டும் நிற்கிறது, பாதிக்குத்தான் தகரம் என்றும் சொன்னான்.

அந்த வாரமே பாதிப் பேர் பச்சைக் காயை வேறு ஸ்டோருக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். டிரையரில் தட்டுகள் காலியாகக் கிடந்தன.

பேத்தியைப் பார்க்கக் கட்டப்பனைக்குப் போனேன். சோனா மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டே போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். தொடைக்கிற வரியை எடுத்துவிட்டாளாம். பேக்கப்பு இனிமேல் வேறு ஊருக்குப் போகுமாம். ஆளாளுக்கு மெசேஜும் போகுமாம், இந்தத் தடவை நான் தடுக்கவில்லை.

"இருக்கிறதைப் புதுசா ஏத்தணும் மாமா. நம்ம மூட்டை எத்தனை?"

"ஆறு."

"ஆறுன்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"சரி, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் குத்திக் காட்டக் கேட்கவில்லை. கணக்கில் ஏற்றுவதற்குக் கேட்டாள். என்னிடமும் அட்டை இல்லை. எனக்கும் மெசேஜ் வரவில்லை. இடது சுவர் ஓரம் இருப்பது நம்முடையது என்று நானாக வைத்துக்கொண்டதுதான். அடுக்கிய ஆள் ஒரு மூட்டையை இந்தப் பக்கம் போட்டிருந்தால் அதுவும் என்னுடையதாகிவிடும். அத்தனை பேர் வாயையும் சந்தேகப்பட்டுக் கூட்டிய கணக்கில், என் ஆறை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமலேயே முதலில் கழித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் மாதா கோயில் வாசலில் நின்றார்கள். மொக்கையன் எங்கள் கோயிலுக்கு வருகிறவன் இல்லை, எதிரே டீக்கடையில் இருந்தான். அவனையும் கூப்பிட்டேன்.

"செபமாலைக்கு அஞ்சு மூட்டை. அவ சொன்னதுதான் கணக்கு. என்னுது ஆறா அஞ்சான்னு எனக்கே தெரியாது. அன்னைக்கு அதைச் சொல்லாதது என் தப்பு."

"அதை அன்னைக்கே சொல்லியிருந்தா நானும் வாயை மூடிட்டு இருந்திருப்பேன்ல," என்றான் மொக்கையன், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே. செபமாலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துவிட்டாள்.

மறுநாள் ஜீப்போடு வந்தாள். திரும்பி வந்த மூட்டையைக் கதவோரம் எடுத்து வைத்திருந்தேன். அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக இடது சுவர் ஓரம் போய், அங்கிருந்த ஐந்து சாக்கையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, கையை விட்டு அளைந்து பார்த்தாள். மூன்றாவதில் கையை வைத்தாள்.

"இதுதான்."

"நிச்சயமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்கவேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை.

அவள் சாக்கின் வாயைக் கட்டினாள். "இன்னும் கேக்குறீங்கல்ல," என்றாள்.

ஷைஜு மூட்டையை ஏற்றிவிட்டுப் போனில் தட்டினான். அவள் பைக்குள் போன் சத்தம் கேட்டது. எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். செபமாலையம்மாள், ஒரு மூட்டை, ஒப்படைக்கப்பட்டது.

"யாரு மூட்டைன்னு போட்டிருக்கா?"

"உன் பேருதான் போட்டிருக்கு."

போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். வண்டி வளைவு திரும்புகிற வரைக்கும் நின்றேன். பிறகு உள்ளே போய், மீதி இருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் என் காய் மாதிரிதான் இருந்தது. அவள் கொண்டுபோனதைப் பார்த்திருந்தாலும் எனக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.