இன்னொரு காது

நான் ஒரு கோழை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைத் தேற்ற வர வேண்டாம்.

கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை, அதாவது பி.ஆர்., கையில் இருந்தும் ஏறக்குறைய மூன்று வருஷமாகக் கடலூரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷமாவது அங்கே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பி.ஆர். போச்சு. ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் போய் இறங்கினால் தப்பித்தேன்.

சிதம்பரத்தில் என் தங்கை கயல்விழி, மகள் சினேகாவுக்கு இருபத்தெட்டாம் தேதி காதுகுத்து வைத்திருந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு அண்ணன் என்று நான் ஒருவன்தான். அவள் புருஷன் அரவிந்தன் குவைத்தில் டிரைவர். காதுகுத்துக்காகவே லீவு வாங்கி, இருபத்தாறாம் தேதி வருவதாக இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கிற லீவு.

விமானம் ரத்தானால்? நடுவில் காய்ச்சல் வந்து படுத்தால்? இருபதாம் தேதிக்கே டிக்கெட் போட்டுவிட்டு, "இருபதுக்குள்ள போவலன்னா பி.ஆர். போயிடும்மா, அதான் கடைசி" என்று தங்கையிடம் புளுகினேன். என் பயத்துக்குச் சட்டம் என்று பேர் வைத்தேன்.

பாவி, அவள் அதை அப்படியே நம்பினாள். மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு காதுகுத்தைப் பதினெட்டாம் தேதிக்கு மாற்றினாள். அரவிந்தனின் முதலாளி லீவை மாற்ற மாட்டேன் என்றுவிட்டார்.

அன்று பட்டுப்பாவாடையோடு சினேகா என் மடியில் இருந்தாள். கயல்விழி எதிரே செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதில் அரவிந்தன், ஓட்டுகிற வண்டியை எங்கோ ஓரங்கட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டது.

"அப்பா! அப்பா வா!"

"அழாதடா தங்கம், இன்னும் எட்டே நாளு, அப்பா வந்துடுறேன்" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னா மச்சான், மூஞ்சி இப்புடி வாடிப்போச்சு? நான் அங்க இல்லாததுக்கா? அட உடுங்க. பதினோரு வருஷமா இங்க கெடக்குறேன், எனக்கெல்லாம் பி.ஆர்.னு ஒண்ணு குடுக்கவா போறான்? வேலை போச்சுன்னா வெளிய போன்னுடுவான். உங்களுக்காச்சும் நெலைக்கட்டும்."

நான் மனுஷனா? 'இருபத்தெட்டு வரைக்கும் இருக்கலாம் மாப்ள, பொய் சொல்லிட்டேன்.' நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இன்னொரு காது. தாய்மாமன் கெட்டியா புடிங்க" என்றார் ஆசாரி.

பிடித்துக்கொண்டேன்.